ஆளுக்கு ஒரு முழுப் பாட்டு

கோலார் தங்க வயலில் ஒரு பாட்டு உண்டு. நாலே வரி. மின்சாரக் கிதாரும் டிரம்மும் சேர்ந்து காதைக் கிழிக்கிற ராக் பாட்டு. வார்த்தை மட்டும் சுத்தமான எங்கள் ஊர்த் தமிழ். அது எங்கிருந்து வந்தது என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். குறைந்தது நாற்பது பேராவது நெஞ்சில் கைவைத்து, "என்கிட்ட இருந்துதான்" என்பார்கள். நாற்பது பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. அத்தனை பேரையும் அப்படி நம்ப வைத்தவர் ஒரே ஆள். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் இசைக்குழுவின் சுவரொட்டியில் டிரம் வாசித்தவன் பெயர் இருக்கும், என் பெயர் இருக்கும், மைக்செட் கொடுத்தவர் பெயர்கூட இருக்கும். அவர் பெயர் மட்டும் இருக்காது. சுவரொட்டி எழுதுகிறவரே அவர்தான். கேட்டால், "இடம் பத்தல பா" என்பார். அவர் காலியாக விட்ட இடத்தை நான் நிரப்பினால் நன்றாகவா இருக்கும்?

சுரங்கத்தில் அவருக்கு வைண்டிங் எஞ்சின் ஓட்டுகிற வேலை. ஆட்களை ஏற்றிய கேஜ் என்கிற இரும்புக் கூண்டைக் கம்பிவடத்தில் பூமிக்குள் இறக்கவும் ஏற்றவும் வேண்டும். ஆனால் அவர் உட்கார்ந்திருப்பது தள்ளி, எஞ்சின் கட்டிடத்துக்குள், லாரி உயரத்துக்கு நிற்கிற ஓர் உருளைக்கு முன்னால். கேஜில் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மணிதான் பேசும். ஒன்று அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை. வந்த மணியை அப்படியே திருப்பி அடித்த பிறகுதான் அவர் கை லீவரைத் தொடும். வேலை நேரத்தில் அவரிடம் யாரும் பேசக் கூடாது என்று சுவரில் பலகையே மாட்டியிருந்தார்கள்.

எட்டு மணி நேரம் வாயைக் கட்டிப் போட்டால் என்ன ஆகும்? சங்கு ஊதி ஷிஃப்ட் முடிந்ததும் அந்த வாய், அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிதான். டீக்கடை, ரேஷன் வரிசை, பஸ் நிறுத்தம், யார் கிடைத்தாலும் தோளில் கை போட்டுவிடுவார்.

நான் அப்போது ஊருக்குப் புதுசு. தொண்ணூற்றிரண்டில், கனரக இயந்திரத் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் வேலை கிடைத்து, அம்மாவையும் அழைத்துக்கொண்டு கும்பகோணத்திலிருந்து வந்து சேர்ந்தேன். வரைபடக்காரன் புத்தி என்று ஒன்று உண்டு. எந்தத் தாளாக இருந்தாலும் வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்க வேண்டும். அதில் வரைந்தவன் பெயர் இருக்க வேண்டும். பெயர் இல்லாத தாளை நாங்கள் கையால் தொட மாட்டோம். இந்தப் புத்தியோடு போய் அவரிடம் மாட்டினேன்.

கல்லூரியில் கொஞ்சம் கிதார் பழகியிருந்தேன். அது எப்படியோ தெரிந்து, ஊரிகம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த தன் லைன் வீட்டுக்கு வரச் சொல்லியனுப்பினார். போனேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். தொப்பை வைக்க ஆரம்பித்திருந்தது. "வாசி பா" என்றார். ஆரம்பித்ததுமே விரல் வழுக்கி, பக்கத்துக் கம்பியில் போய் விழுந்தது.

"ஏய், நிறுத்து! இப்ப இன்னா பண்ண நீ?"

"தப்பு வந்துடுச்சுண்ணா."

"தப்பா? அத்த மறுபடி பண்ணு."

செய்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தன் கிதாரை எடுத்து, என் தப்போடு மூன்று சுரத்தைச் சேர்த்து ஓங்கி வாசித்தார். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது.

"கேட்டியா? பொறந்துடுச்சு பா. உன் வெரல்ல இருந்து பொறந்துடுச்சு."

மூன்று மாதமாக அந்த ஊரில் அலுவலக வணக்கம் தவிர யாரோடும் பேச்சில்லாமல் இருந்தவன் நான். அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் இரண்டு முறை சொன்னேன்.

ஒரு மாதம் போயிருக்கும். முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தேன். சலூன்காரர் கத்தரிக்கோலைக் காற்றில் இரண்டு முறை வெட்டிக் காட்டி, "சார், அந்தப் பாட்டு இதுல இருந்துதான் எடுத்தாரு" என்றார்.

"எந்தப் பாட்டு?"

"நீங்க வாசிக்கிறீங்களே, அதான். இதே நாற்காலில உக்காந்துக்கினு சொன்னாரு. அண்ணே, உன் கத்திரி சத்தம்தான் எனக்குப் பாட்டா வந்துச்சுன்னு."

பாதி வெட்டிய தலையோடு எழுந்து போய்விட்டேன். நேராக அவர் வீடு. என்னண்ணா இது என்று கத்தினேன். அவர் அசரவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில், "உன்னுதுதான் பா நெஜம். அவருக்குச் சும்மா சொல்லி வெச்சேன். பாவம், சந்தோசப்பட்டுட்டுப் போவட்டும்" என்றார். எனக்குச் சமாதானமாகிவிட்டது. மீதித் தலையை வெட்டிக்கொள்ளத் திரும்பிப் போனேன். சலூன்காரரைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பரிதாபமாக இருந்தது.

அதன் பிறகு தெருவுக்குத் தெரு ஆள் முளைத்தார்கள். தாதுக்கல் உடைக்கிற மில்லில் வேலை செய்தவர், மில்லின் இடிதான் பாட்டின் தாளம் என்றார். ஆஸ்பத்திரி நர்சு ஒருத்தி, தான் தள்ளுகிற மருந்து வண்டியின் கோணல் சக்கரம் என்றாள். விசில் என்னுடையது என்று ஒரு கன்னடக்கார கண்டக்டர், டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார். பாட்டில் விசிலே கிடையாது. எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த கச்சேரியில் எங்கள் அண்ணனே ஒரு விசிலைச் சேர்த்துவிட்டார்!

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். அம்மா விஷயத்தைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் பின்கட்டில் அம்மா இரும்பு உரலில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு வெளியே போய்க்கொண்டிருந்த அவர் நின்றுவிட்டாராம். "அம்மா, நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க" என்றாராம். இரண்டு தும்மல் போட்டுவிட்டுச் சொன்னாராம், அந்தப் பாட்டின் ஆணிவேர் இந்த உலக்கைதான் என்று.

"உங்க பையனுக்கே தெரியாது, சொல்லிடாதீங்கன்னுகூட சொன்னார்டா" என்று என்னிடமே சொன்னாள் அம்மா.

"அம்மா, அது என் விரலிலிருந்து வந்தது."

"போடா. நீ விரல் தவறினவன். நான் தவறாம இடிச்சவ."

அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று ஆயிற்று. அதுவரை அந்தப் பாட்டைக் 'காட்டுக் கத்தல்' என்று சொல்லிக்கொண்டிருந்தவள், பக்கத்து வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் சண்டைக்குப் போனாள்.

பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'இறக்கு இறக்கு, இன்னும் கீழ இறக்கு' என்று தொடங்கும். அவருக்குக் குரல் நன்றாக இருக்காது; ஆனால் தங்கம் எடுத்த கழிவு மண் மலையாகக் குவிந்த சயனைட் மேட்டில் மோதித் திரும்பும் அளவுக்கு இருக்கும். மூன்றாவது வரி முடிந்ததும் எல்லாம் சட்டென்று நிற்கும். கிதார் இல்லை, டிரம் இல்லை. அவர் கை கம்பிக்கு மேலே அப்படியே நிற்கும். கூட்டம் மூன்று தட்டுத் தட்ட வேண்டும். ஹெல்மெட்டில், டிபன் தூக்கில், பெஞ்சில், எதில் வேண்டுமானாலும். அவர் கிதாரின் உடம்பில் மூன்று தட்டித் திருப்பிக் கொடுப்பார். பிறகு நாலாவது வரி வெடிக்கும். மூன்று தட்டினால் ஆள் ஏறியாயிற்று என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சலூன்காரர் சீப்பும் கத்தரியுமாக வருவார். மில்காரர்கள் பூட்ஸ் காலால் தரையில் இடிப்பார்கள். அம்மா, நான் எவ்வளவு கெஞ்சியும் கேளாமல், உலக்கையை எடுத்துக்கொண்டு வருவாள். ஒவ்வொருத்தர் முகத்திலும், மற்றவர்களெல்லாம் சும்மா கூட வந்து தட்டுகிறார்கள் என்கிற பெருந்தன்மை தெரியும்.

பெங்களூருவில் ஒரு போட்டிக்குப் போனோம். பெரிய அரங்கு, குளிர்சாதனம், முன்வரிசையில் மூன்று நடுவர்கள். எங்களுக்கு முன்னால் வாசித்தவர்கள் எல்லாம் இங்கிலீஷ். நாங்கள் ஆரம்பித்ததும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பரிசு நமக்குத்தான் என்று டிரம்காரன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். மூன்றாவது வரி முடிந்தது. நிறுத்தினோம். அவர் கை மேலே நின்றது.

யாரும் தட்டவில்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்? பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். அது கணக்கில்லை. மூன்று வர வேண்டும்.

"அண்ணா, ஆரம்பிங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"மணி வரல பா."

"இது மேடைண்ணா! சுரங்கம் இல்ல!"

"மணி வராம கை போவாது பா. பதினஞ்சு வருசமா போனதில்ல."

இரண்டு நிமிடம் அப்படியே நின்றோம். நடுவர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் எங்கள் பெயருக்கு நேரே ஏதோ கோடு போட்டார். அப்போது அரங்கத்தின் கடைசிக் கதவருகே, டொக் டொக் டொக் என்று மூன்று. வாட்ச்மேன், கையிலிருந்த தடியால் தரையில் தட்டியிருந்தார். காக்கிச் சட்டை, நரைத்த மீசை. எங்கள் தங்க வயலிலேயே பாலகாட் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்று பிறகு தெரிந்தது. எங்கள் அண்ணன் முகம் பூத்ததே ஒரு பூப்பு! மூன்று தட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டு நாலாவது வரியை எடுத்தார் பாருங்கள், அப்படி ஒருநாளும் பாடியதில்லை. பரிசு போயிற்று. திரும்பும் ரயிலில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் மட்டும் மாலூர் வரைக்கும் அந்த வாட்ச்மேனின் தடியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அந்த வாட்ச்மேனிடம் போய் என்ன சொல்லிவிட்டு வந்திருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

"ஏண்ணா இப்படி ஆளாளுக்குச் சொல்றீங்க?" என்று அன்றைக்குக் கேட்டே விட்டேன்.

"தினம் எத்தினி பேர இறக்கறேன், ஏத்தறேன். ஒருத்தன் மூஞ்சி தெரியாது பா எனக்கு. மணிதான் தெரியும். வெளிய வந்தா எவன்டா மணி அடிச்சவன்னு தேடிக்கினே கீறேன். எவனப் பார்த்தாலும் இவனா இருக்குமோன்னு தோணுது. சும்மா போவ விடறதுக்கு மனசு வரல."

எனக்கு அப்போது அது சரியாகப் புரியவில்லை. சரிண்ணா, ஆனால் நிஜமாகப் பாட்டு என்னுடையதுதானே என்று உறுதிப்படுத்திக்கொண்டேன். "உன்னுதுதான் பா" என்றார்.

இரண்டாயிரத்தொன்று பிறந்தபோது சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்பது உறுதியாகிவிட்டது. அதற்கு முன்னால் மைதானத்தில் ஒரு கடைசிக் கச்சேரி, ஞாயிறு மத்தியானம், என்று ஊரே முடிவு செய்தது. அதை அப்படியே பதிவு செய்து கேசட்டாகப் போடுகிறேன் என்று பெங்களூருவிலிருந்து ஒருவர் வந்தார். கையில் ஒரு படிவம். 'இசையமைத்தவர்' என்று அதில் ஒரு கட்டம். வலது பக்கம், கீழ் மூலை. ஒன்பது வருடமாக நான் காத்திருந்த கட்டம் அல்லவா?

அவர் யோசிக்கவே இல்லை. என் பெயரை, இனிஷியலோடு, சுவரொட்டி எழுதுகிற அழகான கையெழுத்தில் எழுதி என்னிடமே கொடுத்தார். "நீயே குடுத்துடு பா." அதை மடிக்காமல் கிதார் பெட்டிக்குள் வைத்தேன். இரண்டு நாள் மனம் தரையில் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஒயர் வாங்கிவர அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. அண்ணி டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு ஒழித்துக்கொண்டிருந்தாள். "எங்க கல்யாணக் கேசட் கெடச்சுது தம்பி, கேளுங்க" என்று டேப்பில் போட்டாள். நாதஸ்வரம் வந்தது. யாரோ தண்ணீர் கேட்டார்கள். பிறகு இளவட்டங்களின் கூச்சல்: "மாப்ள, கிதார் எடு! கிதார் எடு!" பிறகு அந்த நாலு சுரம்.

என் தப்பு. வழுக்கி விழுந்த அதே சுரம், அதே இடத்தில். அண்ணியின் கல்யாணம் எண்பத்தொன்பதில். அந்த வருடம் நான் கும்பகோணத்தில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள். "ஊர்ல ஆளாளுக்கு இன்னா இன்னாவோ சொல்றாங்க தம்பி. அதெல்லாம் இவரு சும்மா சொல்லி வெச்சது. பொண்ணு பார்க்க வந்தப்போ நான் காபி எடுத்தாந்தேன் பாருங்க, அப்ப என் கொலுசுல இருந்து வந்துதாம் அது."

வெளியே வந்தவனுக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். கொஞ்ச தூரம் நடந்ததும் சிரிப்பும் வந்தது. சலூன்காரரைப் பார்த்து ஒன்பது வருடம் பரிதாபப்பட்டிருக்கிறேனே!

மறுநாள் மேடைக்குப் பின்னால் படிவத்தை அவர் முன் நீட்டினேன். "என் பேரை அடிச்சுட்டு உங்க பேரை எழுதுங்கண்ணா. கல்யாணக் கேசட் கேட்டுட்டேன்."

அவர் கொஞ்சமும் கூசவில்லை. கோபம்தான் வந்தது. "இன்னா பா, குடுத்தத்த திருப்பிக் குடுக்கறியா?"

"எனக்கு மட்டுமா குடுத்தீங்க? ஊருக்கே குடுத்தீங்க."

"ஆமா, குடுத்தேன். ஒவ்வொருத்தருக்கும் முழுசாக் குடுத்தேன். உனக்குக் கொறச்சனா?"

"அப்ப நிஜமா எங்கேருந்துதாண்ணா வந்தது?"

கிதாரின் முறுக்காணியைத் திருகிக்கொண்டே சொன்னார்: "தெரியல பா. ஒருநாள் கையில இருந்துச்சு. யார் வெச்சாங்கன்னு பார்க்கல." படிவத்தை வாங்கி என் சட்டைப் பைக்குள் திணித்து, மேலே ஒரு தட்டுத் தட்டினார். "எவனோ ஒருத்தன் பேரு எழுதணும்ல. உன் தாள்ல மூலையில பேரு இல்லன்னா உனக்குத்தான் சோறு எறங்காது."

மைதானம் நிறைந்திருந்தது. வெயிலில் சயனைட் மேடு வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது. முதல் வரி, இரண்டாவது வரி, கூட்டமே பாடியது. மூன்றாவது வரி. நிறுத்தினோம்.

யாரும் தட்டவில்லை.

இந்தத் தடவை அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆயிரம் கைகள் தயாராகத் தூக்கியபடி நின்றன. சலூன்காரர் கத்தரியைத் திறந்து பிடித்திருந்தார். நர்சு டிபன் மூடியைப் பிடித்திருந்தாள். அம்மா உலக்கையைத் தூக்கினாள், பிறகு சத்தம் வராமல் மெல்லக் கீழே வைத்தாள். தட்டினால் பாட்டு நகர்ந்துவிடும். நகர்ந்தால் இன்னும் ஒரே வரிதான்.

அவரைப் பார்த்தேன். கை கம்பிக்கு மேலே நின்றது. மணி வராமல் அது போகாது. எவ்வளவு நேரமானாலும் அவர் அப்படியே நிற்பார். கூட்டமும் நிற்கும்.

நான் என் கிதாரின் உடம்பில் தட்டினேன். மூன்று.

சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். மேடையிலிருந்து மணி வருவது அவருக்கு முதல் தடவை. பிறகு தலையை ஆட்டிவிட்டு மூன்று தட்டித் திருப்பிக் கொடுத்தார். அதோடு ஹெல்மெட், தூக்கு, பூட்ஸ், உலக்கை எல்லாம் ஒன்றாக இறங்க, நாலாவது வரி வெடித்தது.

முடிந்து இறங்கும்போது கேட்டார்: "இன்னாத்துக்கு பா நீ தட்டுன?"

"எல்லாரும் ஏறிட்டாங்கண்ணா."

"ம்" என்றார். முகத்தைத் துண்டால் நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

சுரங்கம் மூடியபின் பெங்களூருவில் ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டும் வேலைக்குப் போனார். "இப்ப மூஞ்சியப் பார்த்து இறக்கறேன் பா" என்று அவருக்கு ஒரே குஷி. பார்க்கப் போனபோது லிஃப்டில் வந்த டாக்டரம்மா ஒருவர், என் கையிலிருந்த கிதார் பெட்டியைப் பார்த்துவிட்டு, தன் ஷூ சத்தத்திலிருந்து ஒரு பாட்டு பிறந்த கதையைச் சொன்னார். இவர் மேலே எரிகிற எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேசட் வந்தது. மூலையில் என் பெயர். ஆபீஸ் வேலையாக பெங்களூரு ரயிலில் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்வார். போன வாரம் சலூன்காரர். அவரும் இப்போது தினம் பெங்களூரு போய் வருகிறார். கேசட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க பேரப் போட்டுட்டாங்க, பரவால்ல. ஆனா நெஜம் உங்களுக்கும் எனக்கும் தெரியுமில்ல?"

"தெரியும்ணே" என்றேன். "உங்க கத்திரிதான். அவரே என்கிட்ட சொல்லியிருக்கார்."

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பங்காருபேட்டையில் இறங்கி, ஓடிப் போய் எனக்கு ஒரு டீ வாங்கி வந்து ஜன்னல் வழியாக நீட்டினார். குடித்தேன். ரயில் நகர்ந்ததும் மடியில் கிடந்த பையில் விரல் தானாகத் தாளம் போட்டது. பாவம், நல்ல மனிதர். அவருக்கு எப்படித் தெரியும், அன்றைக்கு ஊரிகத்தில் என் விரல் மட்டும் வழுக்காமல் இருந்திருந்தால் அந்தப் பாட்டே கிடையாது என்று.